துள்ளும் மீனும் தொட்டியின் மூடியும்



பதுளை டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பெரும்பாலும் கப்பி, பைட்டர், கோல்ட் பிஷ். உப்புத் தண்ணீர் கலந்து, கல் அடுக்கி, கடல் மீன் வளர்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். ஆனால் இரண்டு தரப்பாரும் நம்மிடம் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான். "சேர், மீன் ஒன்றைக் காணவில்லை. செத்து மிதக்கவும் இல்லை." இரண்டு மூன்று நாள் கழித்து அலுமாரிக்குப் பின்னால் தும்புத்தடியில் தட்டுப்படும். அப்போது அது கருவாடாகியிருக்கும். கடல் மீனாக இருந்தால் அதன் விலையைக் கேட்டு வீட்டுப் பெரியவர்கள் தலையில் கை வைப்பார்கள்.

"தொட்டியில் ஏதோ குறை, அதனால்தான் பாய்ந்துவிட்டது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சில நேரம் அது உண்மை. ஆனால் நல்ல தண்ணீரில், நல்ல சாப்பாட்டில் இருக்கும் மீனும் பாய்கிறது. இதற்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதில் அரபு வணிகர்கள் வருகிறார்கள், தரங்கம்பாடி வருகிறது, நம் மலைகளைத் தேயிலை மலைகளாக்கிய காலமும் வருகிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

ஹிஜ்ரி 237, அதாவது கி.பி. 851 அளவில் தொகுக்கப்பட்ட அரபு நூலொன்று உண்டு. சீனாவுக்கும் இந்தியாவுக்கும் கப்பலில் போய்வந்த வணிகர்கள் கண்டதும் கேட்டதும் அதில் இருக்கின்றன. வணிகர் சுலைமானின் பெயரோடு சேர்த்தே அதைச் சொல்வது வழக்கம். ஸரன்தீப் என்று நமது நாடும் அதில் வருகிறது. அந்த நூலில் ஒரு மீன். அது கடலை விட்டு வெளியே வந்து, தென்னை மரத்தில் ஏறி, அதன் சாற்றைக் குடித்துவிட்டுத் திரும்பவும் கடலுக்குப் போய்விடுமாம். கள்ளுக் குடிக்கும் மீன் என்று வகுப்பில் சொன்னால் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும். மரமேறும் நண்டைப் பார்த்தவர்கள் சொன்ன கதை கைமாறி மீனாகிவிட்டதோ என்பது நமது ஊகம். ஆனாலும் அதே நூலில் தண்ணீருக்கு மேலே பறக்கும் மீனைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள், அது முழு உண்மை. மீன் தண்ணீரை விட்டு வெளியே வரும் என்பது கடலோடிகளுக்குப் புதினமான விசயமாக இருக்கவில்லை.

அதற்குப் பிறகு 900 வருடங்களுக்கு மேல் கடந்து, 1791 நவம்பர். இடம் தமிழ்நாட்டுக் கரையில் டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடி. டால்டோர்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், குளமொன்றின் அருகே நின்ற பனை மரத்தின் வெடிப்பில், தண்ணீருக்கு ஐந்து அடி மேலே, ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். அந்தக் குறிப்பு 1797 இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அந்த மீனுக்குத் தமிழர்கள் முன்பே பெயர் வைத்துவிட்டார்கள்: பனையேறி. இன்றும் பனையேறிக் கெண்டை என்கிறோம், சிங்களத்தில் காவய்யா. உண்மையில் அது பனை ஏறுமா? பின்னால் ஆராய்ந்தவர்கள், பறவைகள் கொத்திக்கொண்டு போய் மரத்தில் தவறவிட்ட மீனாக இருக்கலாம் என்றார்கள். பனை ஏறுவதில் சந்தேகம் இருந்தாலும் தரையில் நடப்பதில் சந்தேகமே இல்லை. செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஊன்றி நகரும். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க அதற்குத் தனி உறுப்பும் இருக்கிறது.

நமது நாட்டில் இதை எழுதி வைத்தவர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். வற்றும் குளங்களிலிருந்து மீன்கள் தரை வழியாக வேறு தண்ணீரைத் தேடிப் போவதைப் பற்றி அவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். திருகோணமலையில் அரசாங்க அதிபராக இருந்த மொரிஸ் என்பவர் அவருக்குச் சொன்ன செய்தியும் அதில் உண்டு. மழை கொட்டிய நேரத்தில், கிட்டத்தட்ட வற்றிப்போன ஒரு குளத்தின் ஓரத்தில் மீன்கள் புல்லுக்குள்ளால் மேட்டுப் பக்கம் ஏறிக்கொண்டிருந்ததை அவர் கண்டிருக்கிறார். வன்னியிலும் கிழக்கிலும் விரால் பிடித்துப் பழகியவர்களுக்கு இது அதிசயமே அல்ல. வாளியில் போட்ட விராலுக்கு மேலே சாக்கைப் போட்டுக் கட்டாமல் யாராவது வீட்டுக்குக் கொண்டு வருவார்களா?

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பனையேறியும் விராலும் வெளியே வந்தால் பிழைக்கும். அவை வேறு தண்ணீரைத் தேடிப் புறப்பட்டவை. முருகைக்கல் பாறையில் வாழும் சின்ன மீன்கள் அப்படி இல்லை. அவற்றுக்குக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு கிடையாது. அவை பாய்வது தப்பி ஓடத்தான். கடலில் துரத்த ஒருவன் வந்தால் ஒரே வெட்டு வெட்டி மேலே பாயும், திரும்பத் தண்ணீரில்தான் விழும். கீழே சீமெந்துத் தரை இருக்கும் என்பதற்கு அந்த மீனின் பரம்பரையில் எந்த ஏற்பாடும் இல்லை.

இனி கண்ணாடிப் பெட்டியின் கதை. இது நேராக நம் மலைக்கு வருகிறது.

1829 இல் லண்டனில் நதானியேல் வார்ட் என்ற வைத்தியர், வண்ணத்துப்பூச்சி இனத்துக் கூட்டுப்புழு ஒன்றை மண்ணோடு மூடிய போத்தலில் வைத்திருந்தார். பூச்சியைப் பார்க்கக் காத்திருந்தவர் கண்டது, போத்தலுக்குள் முளைத்த பன்னச் செடியை. வெளியே புகை நிறைந்த லண்டனில் அவர் வளர்த்த பன்னங்கள் செத்துக்கொண்டிருந்தன, மூடிய போத்தலுக்குள் முளைத்தது செழித்தது. தண்ணீர் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்கியது. இந்த யோசனையில் அவர் செய்த பெட்டிகள் 1833 இல் கப்பலேறி அவுஸ்திரேலியா போயின, செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு உலகமே மாறிவிட்டது. 1848 க்கும் 1851 க்கும் இடையில் ரொபர்ட் போர்ச்சூன் சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளை இமயமலைப் பக்கத் தோட்டங்களுக்குக் கடத்தியது இந்தப் பெட்டிகளில்தான். காய்ச்சலுக்கு மருந்து தரும் சிங்கோனா மரம் தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்ததும் இவற்றில்தான். நமது வெலிமடைப் பக்கம் போகும்போது பார்க்கும் ஹக்கலைத் தோட்டம் 1861 இல் தொடங்கப்பட்டது அந்தச் சிங்கோனாவுக்காக. 1869 இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டிருந்தார். பிறகு ஊவாவின் மலைகள் என்ன ஆயின என்பதும், நம் தோட்டத்து மக்களின் பாட்டன் பூட்டன்மார் இந்தக் கொழுந்துக்காக என்ன விலை கொடுத்தார்கள் என்பதும் இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதே பெட்டிதான் மீன் தொட்டிக்கும் தாய். செடியும் காற்றும் ஒரு பெட்டிக்குள் சமநிலையில் நிற்குமென்றால் செடியும் மீனும் ஏன் நிற்காது என்று கேட்டவர்கள் வந்தார்கள். 1850 இல் ரொபர்ட் வொரிங்டன் என்ற இரசாயனவியலாளர் தங்கமீனையும் நீர்ச்செடியையும் நத்தையையும் ஒன்றாக வைத்துக் காட்டினார். 1853 இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்று பொதுமக்கள் பார்க்கும் கட்டடம் திறந்தது. அதற்காகக் கடல் உயிர்களைச் சேகரித்துக் கொடுத்த பிலிப் ஹென்றி கோஸ் அடுத்த வருடம் எழுதிய நூலின் பிறகுதான் 'அக்குவேரியம்' என்ற சொல் வீடுகளுக்குள் புகுந்தது.

மூடியின் இடத்தைக் கவனியுங்கள். வார்டின் பெட்டியில் மூடிதான் உயிர். அது இல்லாவிட்டால் அது வெறும் பூச்சட்டி. வீட்டு மீன் தொட்டிகளுக்கும் தூசி விழாமல் கண்ணாடித் தட்டு ஒன்றை மேலே வைப்பது வழக்கமாக இருந்தது. பிற்காலத்தில் பல்ப் பொருத்திய மரப் பெட்டியோ பிளாஸ்டிக் பெட்டியோ மேலே உட்கார்ந்தது. நூறு வருடத்துக்கு மேல் தொட்டி என்றால் மூடியும் சேர்ந்ததுதான். மீன் பாயாமல் இருந்ததா? பாய்ந்துதான் இருக்கும். தலை இடித்துத் திரும்ப விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த மூடியைக் கழற்றியது முருகைக்கல் தொட்டி. 1961 இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடல் நீர், உயிருள்ள கல், காற்றுக் குமிழி, சூரிய வெளிச்சம், இவ்வளவையும் வைத்துக்கொண்டே வீட்டில் கடலை வைத்திருப்பதை ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் எழுதினார். ஐரோப்பாவில் பலர் அந்த வழியில் தாங்களாகவும் தேடிப் போனார்கள். அமெரிக்காவில் 1986 இல் ஜோர்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைகளால் அது மோகமானது. 1960களிலேயே தண்ணீரில் கரைக்கும் செயற்கைக் கடலுப்பு கடைக்கு வந்துவிட்டதால் கடலுக்குத் தூரமான ஊர்களிலும் இது முடிந்தது. லீற்றருக்கு 35 கிராம் கணக்கு. 200 லீற்றர் தொட்டிக்கு 7 கிலோ உப்பு. பதுளையில் கடல் மீன் வாழ்வது இந்தக் கணக்கினால்தான்.

முருகைக்கல் உயிருக்கு வெயில் மாதிரி வெளிச்சம் வேண்டும். அந்தக் கால விளக்குகள் அடுப்பு மாதிரிச் சுடும். மூடி இருந்தால் வெளிச்சமும் குறையும், சூடும் தேங்கும், காற்றும் கலக்காது. ஆகவே மூடியைக் கழற்றி, விளக்கைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். விளிம்புச் சட்டம்கூட இல்லாத, பளிங்கு போன்ற திறந்த தொட்டி அழகின் அடையாளமாகிவிட்டது. யூடியூப்பில் நம் பிள்ளைகள் பார்த்து ஆசைப்படுவது அதைத்தான். சுடும் விளக்குப் போய் எல்.ஈ.டி. வந்துவிட்டது. மூடி மட்டும் திரும்பி வரவில்லை.

இலங்கைக்கு வருவோம். ஜோன் ஹேகன்பெக் தொடங்கிய தெஹிவளை மிருகக்காட்சிசாலையை 1936 இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. அங்கே பணியாற்றிய ரொட்னி ஜொங்க்லாஸ், நமது கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவர். ஆர்தர் சி. கிளார்க்குடன் சேர்ந்து சுழியோடியவர். அழகு மீன் பிடித்து ஏற்றுமதி செய்வதிலும் முன்னோடி. கடல் மீன்களை எப்படிக் காயமில்லாமல் பிடிப்பது என்று 1975 இல் ஒரு நூலே எழுதினார். அந்தத் தொழில் வளர்ந்து, கற்பிட்டி, நீர்கொழும்பு, திருகோணமலைப் பக்கத்துச் சுழியோடிகளின் சோறானது. ஒரு மீனுக்காக அவர்கள் காற்று உருளையோடு இறங்கும் ஆழமும், அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் குமிழி கட்டி உடல் முடங்கும் ஆபத்தும் கடையில் நிற்கும் நமக்குத் தெரிவதில்லை. கல்லின் மேல் கவிழ்த்துப் பிடிக்கும் மொக்ஸி வலை முருகைக்கல்லை உடைத்ததால் அது தடைசெய்யப்பட்டது. 1998 இல் கடல் சூடாகி நம் பாறைகளில் பெரும்பகுதி வெளுத்துப் போனது. உயிருள்ள முருகைக்கல்லை நமது கடலில் உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம். யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

இவ்வளவையும் தாண்டித்தான் ஒரு மீன் பொலித்தீன் பையில் ஒட்சிசனோடு, ரிஜிபோம் பெட்டிக்குள், கொழும்பிலிருந்து மலையேறி இங்கே வருகிறது. பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவு கொடுக்காமல் அதைத் தேடித் தின்னவும் விடாத பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி நமக்குத் தெரியும். அடைத்து வைத்தவர் மேல்தான் பொறுப்பு.

அண்மைய வரலாறு ஒன்று. மாலைதீவு என்றால் நமக்கு மாசிச் சம்பல்தான் ஞாபகம் வரும். அங்கே 40 முதல் 70 மீற்றர் ஆழத்தில் ரோசாவும் சிவப்பும் கலந்த ஒரு சின்ன மீன் இருக்கிறது. பல வருடங்களாக அழகு மீன் வியாபாரத்தில் விற்கப்பட்டது. ஆனால் அதற்குச் சொந்தப் பெயரே இல்லை, வேறு இனமென்று நினைத்திருந்தார்கள். 2022 மார்ச்சில்தான் தனி இனமாக அறிவித்தார்கள். அந்நாட்டின் தேசிய மலரான ரோசாவைக் குறிக்கும் திவேகிச் சொல்லிலிருந்து 'பினிஃபென்மா' என்று பெயர். பெயர் வைத்தவர்களில் ஒருவர் அஹமத் நஜீப், மாலைதீவு ஆய்வாளர். மாலைதீவு மீனொன்றை அந்நாட்டவர் ஒருவரே உலகுக்கு அறிவித்தது அதுவே முதல் தடவை.

இதை ஏன் இங்கே சொல்கிறோம் என்றால், இந்த மீன் பெயாரி ராஸ் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. தொட்டியை விட்டுப் பாய்வதில் இந்தக் கூட்டத்துக்குத்தான் பெயர். பயர்பிஷ் அதற்கு அடுத்தது. தலைக்கு மேலே 40 மீற்றர் தண்ணீரோடு பிறந்த மீனுக்கு 40 சென்ரிமீற்றரில் தண்ணீர் முடிந்துவிடும் என்று யார் சொல்லிக்கொடுப்பது?

எப்போது பாயும்? புதிதாக விட்ட முதல் சில இரவுகள். ஆண் மீன் இன்னொன்றைத் துரத்தும் போது. எல்லாவற்றையும் விட, விளக்கு பட்டென்று அணைந்து பட்டென்று எரியும் போது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த நாட்கள் கடல் தொட்டிக்காரருக்கு இரட்டைச் சோதனை. பம்ப் நின்று ஒட்சிசன் குறையும், திடீர் இருட்டில் மீன் மிரளும். இப்போதும் மழைக்காலத்தில் லைன் அடிக்கடி போகும் தோட்டப் பக்கங்களில் இதே கதைதான். பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்றும், விளக்கு அணைந்த பிறகும் அறையில் மங்கலாக எரியும் ஒரு பல்பும் இருந்தால் பாதிப் பயம் குறையும்.

மீதிப் பாதிக்கு மூடிதான். முழுக் கண்ணாடியால் மூடினால் பழைய பிரச்சினை திரும்பும், காற்று கலக்காது, வெளிச்சம் குறையும். அதனால் வலை மூடிதான் இன்று வழக்கம். யன்னல் சட்டம் செய்யும் அலுமினியக் கடையில் தொட்டி அளவுக்கு ஒரு சட்டம், அதில் ஒளி ஊடுருவும் நைலோன் வலையை இறப்பர் பட்டியால் இறுக்கினால் போதும். கண் 6 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. விளக்குக்கு அடியில் பொருத்தும் சதுரக் கட்ட பிளாஸ்டிக் தட்டைச் சிலர் வைக்கிறார்கள். அதன் கட்டம் 12, 13 மில்லிமீற்றர். பயர்பிஷ் அதற்குள்ளால் போய்விடும். நுளம்பு வலை மலிவு, ஆனால் கண் பொடி என்பதால் உப்புப் படிந்து அடைக்கும், கறுப்பு நிறமென்றால் வெளிச்சத்தையும் குடிக்கும். செம்பு, பித்தளை, நாகம் பூசிய கம்பி வலை எதுவும் வேண்டாம். உப்பு ஈரத்தில் அரித்துத் தண்ணீரில் சொட்டினால் இறாலும் முருகைக்கல்லும் சாகும்.

நன்னீர்க்காரர் தங்களுக்கு இது இல்லை என்று நினைக்க வேண்டாம். உலகில் வேறெங்கும் இல்லாத, நமது ஈரவலயத் தாழ்நில ஓடைகளில் மட்டும் வாழும் மல்புளுட்டா என்ற சின்ன மீனுக்கு 1937 இல் போல் தெரணியகல விஞ்ஞானப் பெயர் வைத்தார். அது சின்ன இடைவெளி கிடைத்தாலும் பாய்ந்துவிடும் என்பது வளர்த்தவர்கள் எல்லோரும் சொல்வது. பீலிக்கரைக் கானில் பிடித்த கப்பியை ஹோர்லிக்ஸ் போத்தலில் வைக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பாருங்கள். போத்தலை வாய்வரை நிரப்பமாட்டார்கள், கழுத்துக்குக் கீழே நிறுத்துவார்கள். மேலே நாலு விரல் வெறுமை விட்டால் பாதி மீன் தொட்டிக்குள்ளேயே விழும்.

மீன் தரையில் கிடப்பதைக் கண்டால் காய்ந்துவிட்டது என்று உடனே எறியாதீர்கள். செவுள் ஈரமாக இருந்தால், ஈரக்கையால் எடுத்து, துடைக்காமல், காற்றுக் குமிழிக்குப் பக்கத்தில் விடுங்கள். எழும்பிய மீன்கள் உண்டு.

வலை போட்டும் மீன் போய்விட்டது என்று எழுதியவர்களுக்கு: வலையைத் தூக்கிப் பார்க்க வேண்டாம், மூலையைப் பாருங்கள். வயரும் பைப்பும் இறங்குவதற்காக வெட்டிவிட்ட அந்த இரண்டு விரல் ஓட்டை. இரவில் மிரண்ட மீன் கண்ணாடி ஓரமாகவே ஓடி மூலையில்தான் மேலே எழும்பும். வயரைச் சுற்றி ஒரு துண்டு ஸ்பொஞ்சைச் செருகிவிடுங்கள். பழைய பில்டரில் கழித்த ஸ்பொஞ்ச் என்றாலும் போதும்.